ஆகாய வீட்டின் இரண்டாம் பாகம்

அத்தியாயம் ஒன்பது

புதன்கிழமை காலை குணசுந்தரி கண் விழித்தபோது வீட்டில் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. என்னவென்று புரியச் சற்று நேரம் பிடித்தது. தறிச் சத்தம் இல்லை.

பின்கட்டில் நான்கு தறிகள். விடிந்தும் விடியாமலும் ஆள்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இன்று தறிக்கூடத்துக் கதவில் பூட்டு தொங்கியது. அதன் முன்னால் வேப்பங்குச்சியும் கையுமாக அப்பா பரசுராமன் நின்றிருந்தார்.

"இன்னா இது, ஒருத்தனையும் காணோம்? இன்னிக்குப் பார்த்தா?"

இன்றைக்குத்தான். சாயங்காலம் தேசூரிலிருந்து குணசுந்தரியைப் பெண் பார்க்க வருகிறார்கள். பேச்சுக்குத்தான் பெண் பார்ப்பது. ஜாதகமும் போட்டோவும் போன மாதமே ஒத்துப்போய்விட்டதால், இன்று வெற்றிலை பாக்கு மாற்றி முடித்துவிடுவது என்று ஏற்பாடு. ஆடி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. அவளுக்கு இருபத்தேழு வயது. முன்னால் வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போனதில் அவள் அம்மா அம்மணிக்குத் தூக்கமே போய்விட்டது. அடுப்படியில் அவள் ரவை வறுக்கும் மணம் தெருக்கோடி வரை வந்தது.

பக்கத்து வீட்டு செல்லியம்மாள்தான் வந்து விஷயத்தை உடைத்தாள்.

"இன்னா அண்ணே, உங்களுக்குத் தெரியாதா? இன்னிக்கு ராத்திரி நம்ம ஆரணி மேல ஆகாயத்துலேர்ந்து ஒரு வீடு விழுதாம். கோட்டை மைதானத்துக்கும் ஆத்துக்கும் நடுவுல. பாதி ஜனம் மூட்டை கட்டிகினு இருக்கு. உங்க தறியில நெய்யற அய்யனாரு வண்டி கேட்டுகினு சுத்தறான்."

"யார் சொன்னது?"

"சொல்றது இன்னா, அச்சடிச்சே போட்டிருக்கானே!"

இடுப்புச் செருகலிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். தூரத்திலிருந்தே குணசுந்தரிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கையால் சுழற்றி நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷின் மையின் கறுப்பு. வரியைவிட ஒரு நூல் மேலே ஏறி நிற்கும் 'ற'. அவள் வேலை பார்க்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் இரண்டாம் நம்பர் மெஷினில் மட்டும்தான் அந்த எழுத்து அப்படி விழும்.

அமெரிக்காக்காரன் விண்ணில் விட்டிருந்த ஸ்கைலாப் என்ற ஆய்வுக்கூடம் கட்டுப்பாடு இழந்து, எந்த நேரமும் பூமியில் விழலாம் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது. எங்கே விழும் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் தம்பி மாணிக்கவேலுவுக்கோ அது திருவிழா. ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் அவனும், அவன் சிநேகிதன் மணவாளனும், இன்னும் சில பையன்களும் சேர்ந்து ஊரில் விஞ்ஞானக் கதை வாசகர் சங்கம் ஒன்று நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்ஸ்டிட்யூட்டில் கூடிச் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிச் சண்டை போடுவார்கள். மாதம் ஒரு முறை 'ஒளியாண்டு' என்று ஒரு பத்திரிகையைத் தாங்களே எழுதி, தாங்களே சைக்ளோஸ்டைல் செய்து, தாங்களே பின் அடித்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார்கள்.

இந்த மாத இதழின் நடுத்தாள்தான் செல்லியம்மாள் கையில் இருந்தது. சலூனில் கிடந்த பிரதியில் பின் கழன்று, அந்தத் தாள் மட்டும் தனியே ஊர் சுற்றப் புறப்பட்டுவிட்டது. அதில் இருந்த கதையின் பெயர் 'ஆகாய வீடு'. பெயரும், 'விஞ்ஞானத் தொடர்' என்ற குறிப்பும் முந்தைய பக்கத்தில் மாட்டிக்கொண்டன. இந்தப் பக்கம் செய்தி அறிக்கை மாதிரியே தொடங்கியது.

பரசுராமன் கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். படிக்கப் படிக்க அவர் காது சிவந்தது.

"டேய் மாணிக்கவேலு!"

தலையைத் துவட்டிக்கொண்டே தம்பி வந்தான்.

"இது உங்க கூட்டத்து வேலைதானே?"

"அது கதை, நைனா."

"கதைன்னு எங்கடா போட்டிருக்கு? கீழே பேர் போட்டிருக்கே, எவன்டா அவன் ஆதிரையன்? அவனை இட்டுகினு வா, ரெண்டு கேள்வி கேக்கணும்."

மாணிக்கவேலு ஒரே ஒரு முறை அக்காவைப் பார்த்தான். ஆதிரையன் யார் என்பது சங்கத்தில்கூட ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

"நான்தான்" என்றான்.

பரசுராமன் தோளில் கிடந்த துண்டை உருவி அவன் முதுகில் இரண்டு வைத்தார். "சம்பந்தி வூட்டுக்காரங்க வர்ற நாள்ல ஊரைக் காலி பண்ணி வெச்சிருக்கான் பாரு. சாயங்காலம் வரைக்கும் என் கண்ணுல படாதே, போ!"

குணசுந்தரி வாயைத் திறந்தாள். அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "குணா, சீக்கிரம் குளி. தலை காய வேணாமா?"

திறந்த வாய் மூடிக்கொண்டது. தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். துண்டால் அடித்தால் வலிக்காது. ஆனாலும் அவளுக்கு வலித்தது.

குளித்துவிட்டு, இன்ஸ்டிட்யூட்டில் லீவு சொல்லிவிட்டு வருவதாக அம்மாவிடம் சொல்லிப் புறப்பட்டவள், நேரே அய்யனார் வீட்டுக்குப் போனாள்.

அய்யனார் அப்பாவிடம் நெய்கிறவன். அவன் மனைவி கண்ணகிக்கு நிறைமாதம். வாசலில் மாட்டுவண்டி நின்றது. அய்யனார் அதில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தான். கண்ணகி கதவுநிலையைப் பிடித்தபடி, என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்து, கால் வீங்கியிருந்தது.

"படவேட்டு அம்மன் கோயிலுக்கா போறீங்க? இந்த நெலமையில இவ்ளோ தூரம் வண்டியிலயா? வழியில வலி வந்தா இன்னா பண்ணுவே கண்ணகி?"

"இங்க இருந்தா தலை மேல வீடு விழும்கறாங்களே, அதுக்கு இன்னா பண்றது குணாக்கா? அம்மன் காலடியில போய்க் கெடந்தா ஏதோ ஒண்ணு."

"அது கதை கண்ணகி. நெசமில்ல."

"ரேடியோவுல கூடத்தான் சொல்றான். அதுவும் கதையா?"

"மேலேர்ந்து ஒண்ணு விழப்போறது நெசம். நம்ம ஊர்லதான் விழும்னு போட்டிருக்கறது கதை."

"எழுதினவனுக்குத் தெரியாம எழுதுவானா?"

"எழுதினது நான்தான்."

வைக்கோலோடு அய்யனார் நிமிர்ந்தான். கண்ணகி கண்ணை அகல விரித்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று குணசுந்தரி நினைத்தாள்.

"அப்பறம் இன்னா ஆச்சு?" என்றாள் கண்ணகி.

"எதுல?"

"கதையிலக்கா. கடைசியில தொடரும்னு போட்டிருக்குன்னு இவரு சொன்னாரே. விழுந்துச்சா, விழலையா?"

"அது... அடுத்த மாசம். இன்னும் எழுதலை."

"நல்லா இருக்குதே! ஊரையே ஓட வெச்சுட்டு இன்னும் எழுதலைங்கறீங்களே?"

"விழல கண்ணகி. நான் சொல்றேன் இல்ல?"

"வாயால ஆயிரம் சொல்லுவாங்க." கண்ணகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்தாள். "அதையும் இதே மாதிரி அச்சடிச்சுக் கொண்டாங்க. இவரு பார்த்துப் படிக்கட்டும். மத்தியானம் வரைக்கும் வண்டியை நிறுத்தி வெக்கிறேன். அதுக்கு மேல இருக்கமாட்டேன்க்கா. எனக்குப் பயமா இருக்கு."



குணசுந்தரி கிட்டத்தட்ட ஓடினாள்.

இன்ஸ்டிட்யூட்டில் ஒரு மாணவிகூட வரவில்லை. மாணிக்கவேலுவும் மணவாளனும் மட்டும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் வந்த வேகத்தில் ஒரு ஸ்டென்சில் மெழுகுத்தாளை எடுத்தாள். ரிப்பனை விலக்கிவிட்டு அதை டைப்ரைட்டரில் ஏற்றினாள்.

"ரெண்டாம் பாகம் இப்பவே போடப் போறோம். ஒரே தாள். மணவாளா, சைக்ளோஸ்டைலுக்கு மை போடு."

மணவாளன் விழித்தான். "ஆதிரையன் எழுதிக் குடுத்துட்டாரா?"

"ஆதிரையன் நான்தான். ஜல்தி ஆகட்டும்."

மணவாளன் வாயைப் பிளந்தது பிளந்தபடியே மை ட்யூபைத் தேடப் போனான். மாணிக்கவேலு மட்டும் எழுந்து வந்து டைப்ரைட்டர் மேல் கையை வைத்தான்.

"முடிவை மாத்தப் போறியாக்கா?"

முடிவு அவர்கள் இருவரும் பேசி வைத்திருந்ததுதான். ஊர் சாம்பலாகிவிடும். ஒரே ஒருவன் பிழைத்து, உடைந்த ரேடியோவிலிருந்து உலகத்துக்குச் செய்தி அனுப்புவான். அதைச் சொல்லி முடித்த ராத்திரி மாணிக்கவேலுவுக்கு உடம்பு புல்லரித்தது.

"நீதானே சொன்னே, விஞ்ஞானக் கதைன்னா பொய்யா ஆறுதல் சொல்லக் கூடாதுன்னு? விழாதுன்னு உனக்குத் தெரியுமா? ஒருவேளை விழுந்தா? அப்ப ஊர்ல தங்கினவங்களுக்கு இன்னா பதில் சொல்லுவே?"

கேள்வி நியாயமானது. அவள் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன. வெளியே தெருவில் பாத்திரங்கள் கடகடக்க ஒரு வண்டி போனது. அதில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. இந்த வண்டி மேற்கே போகிறது. இதே பயம் வேலூரிலும் இருந்தால், அங்கிருந்து கிளம்பும் வண்டி எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கும்?

"விழாதுன்னு எழுதமாட்டேன்டா" என்றாள். "கையை எடு."

முதலில் கையால் எழுதிக்கொள்ளாமல் நேரே ஸ்டென்சிலில் அடிப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. தப்பு விழுந்த இடங்களில் சிவப்புத் திரவத்தைப் பூசி, வாயால் ஊதிக் காய வைத்து, மேலே அடித்தாள்.

ஆரணி ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வேலூருக்கு ஓடுகிறார்கள். கண்ணமங்கலம் வந்ததும் சாலை அடைத்துக்கொள்கிறது. எதிரே இன்னொரு கூட்டம், அவர்களும் மூட்டை முடிச்சோடு. நீங்கள் எந்த ஊர்? வேலூர். எங்கே போகிறீர்கள்? ஆரணிக்கு. ஐயோ, அங்கேதானே ஆகாய வீடு விழப்போகிறது! இல்லையே, வேலூரில்தான் விழும் என்று எங்களுக்குச் சொன்னார்களே! இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்கிறது. கோழிக்கூடையைத் தலையில் சுமந்திருந்த ஒரு கிழவி முதலில் சிரிக்கிறாள். அப்புறம் எல்லோரும் சிரிக்கிறார்கள். கட்டுச்சோற்றைப் பிரித்து ஊர் மாற்றிச் சாப்பிட்டுவிட்டு, அவரவர் ஊருக்குத் திரும்புகிறார்கள்.

கடைசியில் இப்படி அடித்தாள்: 'ஆகாய வீடு எங்கே விழுந்தது என்று கேட்கிறீர்களா? அது எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. எழுதிய எனக்கும் தெரியாது. பூமியில் முக்கால்வாசி கடல். மீதியில் நம் ஊர் ஒரு கடுகு. இது கதை. இதற்கு முன் வந்த பாகமும் கதைதான்.'

மாணிக்கவேலு பின்னாலிருந்து படித்துக்கொண்டே வந்தான். கிழவி சிரித்த இடத்தில் அவனும் சிரித்தது அவளுக்குக் கேட்டது.

"எம்பேரைப் போட்டுடுக்கா" என்றான். "காலையிலயே அடி வாங்கியாச்சு, இனிமே இன்னா இருக்கு? உன் பேர் வேணாம். சாயங்காலம் அவங்க வர்றாங்க."

"கண்ணகிகிட்ட நான்தான்னு சொல்லிட்டேன். வேற பேர் இருந்தா இந்தத் தாளையும் நம்பமாட்டா."

'எழுதியவர்: ப. குணசுந்தரி, ஆரணி' என்று அடித்துவிட்டுத்தான் ஸ்டென்சிலை உருவினாள்.

மாணிக்கவேலு சைக்ளோஸ்டைல் கைப்பிடியைச் சுழற்ற, தாள்கள் வந்து விழுந்தன. மை காயுமுன்னே மணவாளன் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். சேதி கேட்டு வந்த சங்கத்துப் பையன்கள் மார்க்கெட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் பிரிந்து போனார்கள்.

முதல் தாளோடு குணசுந்தரி அய்யனார் வீட்டு வாசலுக்கு வந்தபோது, வண்டியில் மாட்டைப் பூட்டியாகிவிட்டது. கண்ணகி வைக்கோல் மேல் சாய்ந்திருந்தாள்.

"நீங்க படிக்காதீங்கக்கா. இவரு படிக்கட்டும்."

அய்யனார் எழுத்துக் கூட்டி, விரல் வைத்துப் படித்தான். தெருவே வண்டியைச் சுற்றிக் கூடிவிட்டது. வேலூர்க்காரர்கள் எதிரே வந்த இடத்தில் யாரோ "அட!" என்றார்கள். கட்டுச்சோறு மாற்றிக்கொண்ட இடத்தில் கண்ணகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கடைசி வரிகளை அய்யனார் மெதுவாகப் படித்தான்.

"தெரியாதுன்னே போட்டிருக்காங்களே" என்று ஒருவர் இழுத்தார்.

"தெரியாததைத் தெரியாதுன்னுதானே போடணும்?" என்றாள் கண்ணகி. பிறகு கணவனிடம், "மாட்டை அவுத்துடு. எங்கே போனாலும் இதே ஆகாயம்தான் மேல இருக்குது. எம்மவ என் வூட்லயே பொறக்கட்டும்."

எல்லோரும் அப்படித் திரும்பிவிடவில்லை. செல்லியம்மாள் வீட்டில் பூட்டுப் போட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். ஆனால் குணசுந்தரி வீட்டை நெருங்கும்போது, எங்கோ ஒரு வீட்டில் ஒற்றைத் தறி ஓடத் தொடங்கியிருந்தது.

சாயங்காலம் தேசூர்க்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை வேணுகோபால், அவன் அம்மா காசியம்மாள், தாய்மாமன் தருமன். வேணுகோபால் வந்தவாசியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. ஒல்லியாக, சுத்தமாக, கைக்கடிகாரத்தை அடிக்கொருதரம் பார்க்காத ஆளாக இருந்தான். பஸ்ஸில் பாதி சீட் காலியாக இருந்தது என்றும், ஆரணிக்குப் போகாதீர்கள் என்று கண்டக்டரே சொன்னார் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னான். வருகிறோம் என்று சொன்னால் வந்துவிட வேண்டும் இல்லையா என்றான். அந்தக் குரல் குணசுந்தரிக்குப் பிடித்திருந்தது. கேசரித் தட்டை அவன் பக்கம் நீட்டினாள்.

தாய்மாமன் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பரசுராமன் முன்னால் வைத்தார்.

"பஸ் ஸ்டாண்டுல ஒரு பையன் எல்லார் கையிலயும் திணிச்சுகினு இருந்தான். கீழே பேர் போட்டிருக்கு. அது... நம்ம பொண்ணுதானா?"

பரசுராமன் கண்ணாடியைத் தேடினார். தாளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே, உள்ளே வரத் தைரியமில்லாமல் நின்றிருந்த மாணிக்கவேலுவைப் பார்த்தார். காலையில் தப்பான ஆளை அடித்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அம்மணி கதவுக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தாங்க" என்றாள் குணசுந்தரி. "மொத பாகமும் நான்தான் எழுதினேன். என் தம்பி இல்ல."

வேணுகோபால்தான் முதலில் பேசினான்.

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்து வரும்போதே படிச்சேங்க. நல்லா இருந்தது. நெசமாவே நல்லா இருந்தது." சற்றுத் தயங்கினான். "ஆனா நான் கொஞ்சம் கூச்ச சுபாவம். என் சம்சாரத்தோட பேர் இப்படி தெருத் தெருவா கைமாறினா, ஆபீஸ்ல என்னால தலை நிமிர்ந்து உக்கார முடியாதுங்க. எழுத வேணாம்னு சொல்லலை. வீட்டோட எழுதட்டும். எனக்குப் படிச்சுக் காட்டட்டும். நான் கேக்கறேன். வெளியே போக வேணாம். அவ்வளவுதான்."

அவன் அதிகாரமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குப் பதில் சுலபமாக வந்திருக்கும்.

"அதுக்கென்னங்க!" பரசுராமன் முந்திக்கொண்டார். "சின்னப் பசங்களோட சேர்ந்து ஏதோ வெளையாட்டு. விட்டுடுவா. அம்மணி, அந்த வெத்தலைத் தட்டை..."

"நைனா, கொஞ்சம் இருங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கண்ணகி சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருந்தது. எதிரே இருக்கிறவனின் முகமும் நல்ல முகமாகத்தான் இருந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து அவளால் நிறுக்க முடியவில்லை.

"இதுக்கு இப்பவே பதில் சொல்ல எனக்குத் தெரியலைங்க. வெள்ளிக்கிழமை நான் சொல்லி அனுப்பறேன்."

"குணா!" என்றார் பரசுராமன்.

தாய்மாமன் எழுந்தேவிட்டார். "பொண்ணு வூட்டுல பொண்ணு சொல்லி அனுப்பறதா? நாங்க எந்த ஊர்லயும் இப்படிக் கேட்டதில்லையே!"

"உக்காரு தருமா" என்றாள் காசியம்மாள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். கேசரியைக் கடைசிக் கரண்டிவரை சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு தானே எழுந்தாள். "சரி, பஸ் போயிடும். கெளம்பலாம்."

வெற்றிலைத் தட்டு தொடப்படாமல் இருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே காசியம்மாள் குணசுந்தரியைப் பக்கத்தில் வரச் சொன்னாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"வெள்ளிக்கிழமைதானே? நல்லா யோசிச்சு சொல்லும்மா. என்னைக் கட்டிக் குடுத்தப்ப, யோசின்னு எனக்கு யாரும் ஒரு நாள்கூடக் குடுக்கலை."

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பரசுராமன் வாசலிலேயே நின்றார். வேணுகோபால் ஒரு முறை திரும்பிப் பார்த்துக் கைகூப்பினான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

பரசுராமன் உள்ளே வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஆமான்னு சொல்லப் போறியா, இல்லைன்னு சொல்லப் போறியா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலை நைனா."

அது பொய்யில்லை. வேண்டாம் என்று சொல்ல எத்தனையோ காரணங்கள் அவளுக்குத் தோன்றின. ஆனால் வேணுகோபாலின் குரல் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.